ஏழாம் நம்பர் சூட் நோர்வே போய் வந்தது

எங்கள் மேனேஜர் கிருபன் வானத்தைப் பார்ப்பதற்கென்றே விமானம் ஏறிய மனிதர். இருபது வருடமாகத் துபாயில், ஜெபல் அலியில் இருக்கிறார். ஒருநாள்கூட அவர் அண்ணாந்து பார்த்ததை நான் கண்டதில்லை. பார்க்கிங்கில் இருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் உள்ள நாற்பது அடியையும் போனைப் பார்த்தபடிதான் நடப்பார். அப்படிப்பட்டவருக்கு ஜனவரி மாதம் திடீரென்று வானத்தின்மேல் பக்தி வந்துவிட்டது.

"சுகிர்தன், வடதுருவ ஒளி எண்டு கேள்விப்பட்டிருக்கிறீரே?" என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "வானம் முழுக்கப் பச்சையா எரியுமாம். இந்த வருஷம் சூரியன் நல்லாக் கொதிக்குதாம். இதை விட்டா இன்னும் பதினொரு வருஷம் காத்திருக்கோணுமாம். நானும் கஜாலினியும் நோர்வே போறம்."

"நல்லது சேர்" என்றேன்.

சூரியன் கொதித்ததெல்லாம் சும்மா. கொதித்தது அவர் மனைவி கஜாலினி. அவளுடைய பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று குடும்பங்கள் அந்த ஒளிக்குக் கீழே நின்று படம் போட்டுவிட்டன. லண்டன்காரி போட்டாள், டொரொன்டோகாரி போட்டாள், கடைசியில் தோஹாவில் இருப்பவளும் போட்டுவிட்டாள். தோஹாக்காரி போட்ட பிறகு துபாய்க்காரி எப்படி வீட்டில் இருப்பாள்?

நானும் யாழ்ப்பாணம், கிருபனும் யாழ்ப்பாணம். ஒரே ஊர் என்ற உரிமையில் அவர் என்னை 'நீர்' என்பார், சம்பளம் வாங்குகிற உரிமையில் நான் அவரை 'சேர்' என்பேன். மீன், இறால், கோழி, உருளைக்கிழங்குச் சீவல் எல்லாவற்றையும் கல்லாக உறைய வைத்துக் காக்கிற குளிர்க்கிடங்கு எங்களுடையது. உள்ளே மைனஸ் இருபத்திநான்கு. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். உள்ளே போகிறவர்களுக்கு ஃப்ரீசர் சூட் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் ரெஜிஸ்டரில் எழுதுவதும் என் வேலை. ஃப்ரீசர் சூட் என்றால் பஞ்சு வைத்துத் தைத்த கனமான கோட்டும் காற்சட்டையும். தடித்த கையுறைகள் கைமுனையில் கிளிப்பில் தொங்கும். நான் உள்ளே போவதில்லை. பன்னிரண்டு வருடத்தில் நாலு தரம் போயிருப்பேன், நாலு தரமும் ஓடி வந்திருக்கிறேன்.

நோர்வே டிக்கெட் போட்ட மறுவாரம் கிருபன் மீண்டும் வந்தார். குரல் தணிந்திருந்தது.

"அங்க பயங்கரக் குளிராம். துபாயில இருந்துகொண்டு குளிருக்கு உடுப்பு வேண்டி என்ன செய்யிறது? ஒரு கிழமை போட்டுட்டு அலுமாரியில கிடக்கும். எங்கட ஃப்ரீசர் சூட் ரெண்டு தாருமன். புதுசா வந்த நல்லது இருக்கெல்லே?"

அவர் ஓட்டுகிற வண்டியின் ஒரு டயரை விற்றால் இரண்டு பேருக்கும் கோட்டு வாங்கலாம். ஆனால் ஓசியில் கிடைக்கிற எதையும் காசு கொடுத்து வாங்குவது அவர் பரம்பரைக்கே இழுக்கு. கொழும்பு விமானத்தில் தருகிற போர்வையைக்கூட மடித்துப் பையில் வைக்கிற ஆள்.

நல்ல சூட் இரண்டுதான் இருந்தன. ஒன்பதாம் நம்பர் லீவில் போயிருந்த ஒரு நேபாளப் பையனுடையது, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஏழாம் நம்பர் சோலையப்பனுடையது.

சோலையப்பன் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். முப்பத்தெட்டு வயது. ஃப்ரீசருக்குள் லேபிளைப் பார்த்துப் பெட்டி எடுத்துத் தருகிற வேலை. போன வருடம் குளிரில் விறைத்து அவனுடைய வலதுகையில் இரண்டு விரல்கள் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்துவிட்டன. கிளினிக் டாக்டர், இன்னொரு தரம் இப்படி வந்தால் விரல் தப்பாது என்று எழுதியே கொடுத்தார். அதன் பிறகுதான் கம்பெனி அவனுக்கென்று புது சூட் வாங்கியது. லாண்டரியில் மாறிப் போகக்கூடாதென்று அவன் அதன் முதுகில், ஏழாம் நம்பருக்குக் கீழே, கறுப்பு மார்க்கரால் தமிழில் 'சோலை' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தான்.

இது எல்லாம் எனக்குத் தெரியும். டாக்டரின் கடிதத்தை ஃபைலில் குத்தியதே நான்தான்.

"சேர், ஏழு சோலையப்பன்ர. அவன்ர விரல்…"

"பழைய சூட் கிடக்குத்தானே? ஒரு கிழமை சமாளிக்கட்டும். நீர் கேட்பாசில லாண்டரி எண்டு எழுதி விடும்."

சூட்கள் மாதம் ஒருமுறை வெளி லாண்டரிக்குப் போகும். அதற்கு 'லாண்டரி' என்று எழுதிய கேட்பாஸ், வாசலில் காட்டுகிற சீட்டு, போதும், செக்யூரிட்டி பையைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான். நான் எழுதினேன். பிப்ரவரி மூன்றாம் தேதி, சூட் இரண்டு, ஏழு, ஒன்பது, லாண்டரி. கையெழுத்தும் போட்டேன். மனதுக்குள் கிருபனைக் காறித் துப்பிக்கொண்டே போட்டேன். அப்படித் துப்பினால் கையெழுத்து சுத்தமாகிவிடும் என்று அப்போது ஓர் எண்ணம் எனக்கு.

சோலையப்பனுக்குக் கொடுத்த பழைய கோட்டில் ஜிப் பாதியில் நின்றது. கையுறையே இல்லை.

"அண்ணே, ஜிப்பு நெஞ்சுக்கு மேல ஏறமாட்டேங்குது. கிளவுஸ் எங்கண்ணே?"

"லாண்டரியில இருந்து வந்திடும். ரெண்டு மூண்டு நாள் பொறு."

"லாண்டரிக்குப் போன வாரந்தானேண்ணே போச்சு?"

நான் ரெஜிஸ்டரைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். அவன் ஷெல்ஃபில் தேடிப் பார்த்தான். பிறகு பருத்திக் கையுறையை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சோடி போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

பருத்தியில் ஒரு கெட்ட குணம் உண்டு. அரை மணிநேரம் உள்ளே நின்றுவிட்டு வெளியே வந்தால் துபாய்க் காற்றின் ஈரம் அதில் பிடித்துவிடும். அந்த ஈரத்தோடு திரும்ப உள்ளே போனால் துணியே பனிக்கட்டியாகும். ஃப்ரீசரில் வேலை செய்கிற எவனுக்கும் இது தெரியும். சோலையப்பன் ஒவ்வொரு தரம் வெளியே வரும்போதும் கையுறையைக் கழற்றி என் மேசைக்குப் பக்கத்தில் ஹீட்டரில் காயப்போட்டான். முழுதாகக் காய்வதற்குள் சூப்பர்வைசர் "யல்லா, யல்லா" என்று கத்தி அவசரப்படுத்துவான்.

நாலாம் நாள், ஏழாம் தேதி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பு, அவன் வெளியே வந்து என் முன்னால் கையை நீட்டினான். "அண்ணே, வெரல்ல ஒண்ணும் தெரியல" என்றான். வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

கிளினிக்கில் இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டார்கள். இடதுகை கொப்புளத்தோடு தப்பிவிடும். வலதுகையில் அதே இரண்டு விரல்கள். நுனி கறுத்துவிட்டது. எவ்வளவு போகும் எவ்வளவு நிற்கும் என்று மூன்று கிழமைக்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

கிருபனுக்குப் போன் போட்டேன். காற்று இரையும் சத்தத்துக்குள் அவர் கத்தினார். "என்ன சுகிர்தன், நான் இப்ப கலைமானுக்குச் சாப்பாடு குடுத்துக்கொண்டு நிக்கிறன்!" விஷயத்தைச் சொன்னதும் வண்டிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "மாற்று சூட்டும் கிளவுசும் குடுத்தது எண்டு ரெஜிஸ்டரில எழுதிவிடும். இல்லாட்டி நீரும் மாட்டுவீர், விளங்குதே?" என்றார்.

விளங்கியது. எழுதினேன்.

கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் கௌஸ் முகைதீன், நாகூர்க்காரர், நேர்மையான மனிதர். அடுத்த கட்டிடத்தில் இருந்து வந்து ரெஜிஸ்டரைப் பார்த்தார். மாற்று உடை கொடுக்கப்பட்டது என்று என் கையெழுத்தில் இருந்ததை விரலால் தடவிப் படித்தார்.

"குடுத்தும் போடலையா?" என்று கேட்டார்.

நான் தோளைக் குலுக்கினேன். அது பொய் சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது.

"அப்ப அவர் சொந்தக் கவனக்குறைவுன்னுதான் நான் எழுதணும். போன வருசமும் ஆகியிருக்கு. விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவாங்க. பதினாறாம் தேதி திங்கட்கிழமை ரிப்போர்ட் போகும். வேற எதுவும் இருந்தா அதுக்குள்ள எனக்கு அனுப்புங்க."

வேறு எதுவும் இல்லை என்றேன். விரலும் போய் விசாவும் போய் முதுகுளத்தூரில் இறங்குகிறவனை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று அன்று முழுக்க யோசித்தேன். யோசித்து, கிருபனை இன்னும் கேவலமாகத் திட்டினேன். என்னைத் திட்டிக்கொள்ள நேரம் வரவில்லை.

பன்னிரண்டாம் தேதி கிருபன் வந்து சேர்ந்தார். பதின்மூன்று வெள்ளி, அரைநாள் வேலை. பன்னிரண்டரைக்கு எல்லாரும் ட்ரெய்னிங் ரூமுக்கு வரவேண்டும், படம் காட்டப்படும், பிறகு பிரியாணி உண்டு என்று கிடங்கின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். "சோலையையும் கூப்பிடும். பாவம், லேபர் கேம்பில குந்திக்கொண்டிருப்பான். இதைப் பார்த்தா மனசுக்குச் சந்தோஷமா இருக்கும்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

சோலையப்பன் வந்தான். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்தான். யாரோ அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

ப்ரொஜெக்டரில் முதலில் வந்தது விமான நிலையத்தில் கிருபன். பிறகு விமானத்துக்குள் கிருபன். பிறகு கலைமான், கலைமானோடு கிருபன், கலைமான் இறைச்சி, அதைச் சாப்பிடுகிற கிருபன். கஜாலினி பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னாள். அவளும் வந்திருந்தாள், பட்டுச் சேலையில், கோயிலில் உபயம் செய்ய வந்தவளைப்போல.

பிறகு ஒளி வந்தது. பச்சையாக ஒரு கோடு.

"நேரில பார்க்கேக்க கடவுளைக் கண்ட மாதிரி" என்றாள் கஜாலினி. "ஆனா முதல் மூண்டு நாளும் கண்ணுக்குப் புகை மாதிரித்தான் தெரிஞ்சது. என்னடா இது, வெறும் முகில் எண்டு நினைச்சன். போனைப் பிடிச்சாத்தான் பச்சை."

"சும்மா இரும்" என்று கிருபன் அவளை அடக்கினார். "குளிர் எவ்வளவு தெரியுமே பெடியள்? மைனஸ் எட்டு! மைனஸ் எட்டு! பத்து நிமிஷம் நிண்டிட்டு வண்டிக்குள்ள ஓடியிட்டம். உயிர் போய் வந்தது!"

அந்த அறையில் இருந்த பதினாறு பேரும் தினமும் மைனஸ் இருபத்திநான்கில் எட்டு மணிநேர டியூட்டி பார்க்கிறவர்கள். ஒரு பீகார்க்காரன் மட்டும் "அச்சா" என்றான். கிருபன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

கடைசி நாள் எடுத்த வீடியோவைப் போட்டார். அதைப் பற்றி நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பச்சையும் ஓரத்தில் ஊதாவுமாக வானம் முழுக்க அசைந்தது. காற்றில் திரைச்சீலை ஆடுவதுபோல் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்து, மடிந்து, திடீரென்று நடு உச்சியில் விரிந்தது. நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன். என் உடம்பு புல்லரித்தது. இப்படி ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதே என்று சந்தோஷமும், அது போயும் போயும் இந்த மனிதன் தலைக்கு மேலா ஆட வேண்டும் என்று எரிச்சலும் ஒன்றாக வந்தன. வீடியோவில் கிருபனின் குரல், "கஜா, என்னையும் சேர்த்து எடும், என்னையும் சேர்த்து எடும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்தது அதற்குச் சில நாள் முன்பு எடுத்த ஒரு படம். வழிகாட்டி எடுத்தானாம். புருஷனும் பெண்சாதியும் முதுகைக் காட்டியபடி, கைகளை விரித்து, பச்சை வானத்தைப் பார்த்து நின்றார்கள். பெரிய உருவத்தின் முதுகில் ஏழு. அதற்குக் கீழே கறுப்பு எழுத்தில், சோலை. படத்தின் மூலையில் போனே அச்சடித்த இடம், தேதி, குளிர்: ட்ரோம்சோ, பிப்ரவரி 7, மைனஸ் எட்டு.

கிருபன் அதை மறைப்பார், சட்டென்று அடுத்த படத்துக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சோலை, இங்க பார்! உன்ர பேரும் நோர்வே போட்டு வந்திருக்கு! விசா இல்லாமலே!"

எல்லாரும் சிரித்தார்கள். சோலையப்பனும் சிரித்தான். எழுந்து நின்று, கட்டுப்போட்ட கைகளைக் கும்பிடுவதுபோல் சேர்த்து, "சூப்பரா இருக்கு சார். அத நம்ம குரூப்ல போடுங்க சார். ஊர்ல நாகவள்ளிக்கு அனுப்பணும்" என்றான். நாகவள்ளி அவன் மனைவி.

கிருபனுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே போனை எடுத்து, அந்தப் படத்தைக் கிடங்குக் குழுவில் போட்டுவிட்டார். கீழே இரண்டு பச்சை இதயம் வேறு. எனக்குச் சோலையப்பன் மேலும் அருவருப்பு வந்தது. விரலை வாங்கிக்கொண்டு போனவனைக் கும்பிடுகிறானே, இவனுக்கெல்லாம் சூடு சொரணை இருக்கிறதா, இவனுக்காகவா நான் ஒரு கிழமையாகத் தூங்காமல் கிடக்கிறேன் என்று தோன்றியது. நன்றாகத் தூங்கினேன் என்பது வேறு விஷயம்.

பிரியாணிப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு எல்லாரும் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் ஸ்டோரைப் பூட்ட வந்தேன். சோலையப்பன் கதவோரம் நின்றான். கட்டுப்போட்ட இரண்டு கைகளுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பிடித்திருந்தான்.

"அண்ணே, இதக் கொஞ்சம் பெருசு பண்ணிக் குடுங்க. கட்டுக்குத் திரை வேல செய்ய மாட்டேங்குது."

அந்தப் படம்தான். மனைவிக்கு அனுப்பத் தன் பெயரைப் பெரிதாக்கிப் பார்க்கிறான் என்று நினைத்து, சலிப்போடு விரித்தேன். ஏழு வந்தது. சோலை வந்தது.

"அது இல்லண்ணே. கையக் காட்டுங்க."

நகர்த்தினேன். கிருபனின் விரித்த கைகள் வந்தன. வெறுங்கை, ஒன்றில் போன். மணிக்கட்டுக்குக் கீழே கிளிப்பில் இருந்து அந்தத் தடித்த கையுறைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

"போடவே இல்லண்ணே" என்றான் சோலையப்பன். "பத்து நிமிசங்கூடப் போடல."

நான் போனை அவனிடமே நீட்டினேன்.

"தேதியப் பாத்தீங்களா? ஏழு. எனக்கு வெரலு போன அன்னைக்கு."

"பார்த்தன்."

"இத கௌஸ் பாய்க்கு அனுப்பணும். திங்கக்கிழமைக்குள்ள. அவர் நம்ம குரூப்ல இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கும்பிட்டதும் சிரித்ததும் நாகவள்ளி பெயரைச் சொன்னதும் எதற்காக என்று. அவ்வளவு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் ஒருவன் மூலையில் இருந்த தேதியைப் பார்த்திருக்கிறான்.

"இதை அனுப்பினா நான் எழுதினதும் பொய்யெண்டு வரும். தெரியுமே உனக்கு?" என்றேன்.

"தெரியும்ணே. அதான் மொதல்ல உங்கட்ட வந்தேன். ரூம்ல யாரக் கேட்டாலும் ஒரு நிமிசத்துல அனுப்பிருவானுங்க. அது போயி நீங்க மாட்டுறதுக்கு, நீங்களே உங்க போன்லருந்து அனுப்பி, நடந்தத எழுதிருங்க. உங்களுக்குத்தாண்ணே அது நல்லது."

அவன் மிரட்டவில்லை. கோபம்கூட இல்லை. மைனஸ் எட்டு என்று கிருபன் கத்தியபோது நான் அவரைப் பார்த்தேனே, அதே பார்வையால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாக அதை வைத்துத்தான் நான் என்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போனை எடுத்தேன். கௌஸ் முகைதீனுக்குப் படத்தை அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'ஏழாம் நம்பர் லாண்டரிக்குப் போகவில்லை. மாற்று சூட்டும் கையுறையும் கொடுக்கவில்லை. ரெஜிஸ்டரில் எழுதியது பொய். எழுதியது நான். டாக்டரின் கடிதம் ஃபைலில் இருக்கிறது.' அனுப்பும் பொத்தானுக்கு மேல் என் விரல் நின்றது. பத்தும் நல்லபடியாக இருக்கிற என் விரல்களில் ஒன்று. அழுத்தினேன்.

"அனுப்பிட்டன்" என்று போனைப் பையில் வைக்கப் போனேன்.

"இருங்கண்ணே" என்றான். என்னை நம்பவில்லை. பக்கத்தில் வந்து நின்று, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜும்மா தொழுகை முடிகிற நேரம். ஐந்து நிமிடம் இருக்கும். இரண்டு டிக்கும் நீலமாகி, கௌஸ் படித்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் நகர்ந்தான்.

"சரிண்ணே. அந்தப் பொட்டலத்தக் கொஞ்சம் மாட்டி விடுங்க, பஸ் போயிரும்."

மேசையில் இருந்த பிரியாணிப் பையை எடுத்து, அவன் நீட்டிய முழங்கையில் மாட்டிவிட்டேன்.